எண்ணிம மின்னட்டைகளும் நுழைவுத் தேர்வுத் தயாரிப்பும்

எண்ணிம மின்னட்டை என்பது ஒரு பக்கத்தில் வினாவும் மறுபக்கத்தில் விடையும் கொண்ட படிப்பு அட்டையின் கணினி வடிவம் ஆகும். திறன்பேசியிலோ கணினியிலோ இயங்கும் செயலி முதலில் வினாவை மட்டும் காட்டும். மாணவர் விடையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பிறகு அட்டையைத் திருப்பி, தமக்கு விடை தெரிந்திருந்ததா இல்லையா என்பதைப் பதிவு செய்வார். அந்தப் பதிவைக் கொண்டு, அதே அட்டையை அடுத்து எந்த நாளில் காட்ட வேண்டும் என்பதைச் செயலி கணக்கிடும். நன்கு தெரிந்த அட்டை நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும். மறந்த அட்டை விரைவில் திரும்பி வரும்.

நீட் போன்ற நுழைவுத் தேர்வுகள் இரண்டு ஆண்டுப் பாடங்களை ஒரே அமர்வில் சோதிக்கின்றன. பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் படித்த ஒரு செய்தி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேர்வறையில் ஒரு நிமிடத்துக்குள் நினைவுக்கு வர வேண்டும். படித்ததை அந்த நாள் வரை மறக்காமல் வைத்திருப்பதற்கே மின்னட்டைகள் பயன்படுகின்றன. அவை பாடத்தைப் புரியவைக்கும் கருவி அல்ல. புரிந்துகொண்ட பாடம் நழுவாமல் காக்கும் கருவி.

## பெயரும் பழக்கமும்

மின்னல்போல ஒரு நொடி காட்டி மறைக்கப்படுவதால் இவ்வகை அட்டைக்கு மின்னட்டை என்ற பெயர் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் வழங்குகிறது. எழுத்துகளையும் சொற்களையும் கற்பிக்க ஆசிரியர்கள் தடித்த தாளில் இவற்றை எழுதிக் காட்டுவர். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டில் அறிமுகமாகிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் முறையிலும், குழந்தைகள் படிப்படியாக அட்டைகளை எடுத்துப் படித்து முன்னேறினர்.

கேட்டதும் சொல்லும் பயிற்சி அதற்கும் பழையது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மாணவர்கள் நாள்தோறும் உரக்க ஒப்புவித்தனர். ஏட்டைப் பார்த்துப் படிப்பது ஒன்று, ஏட்டை மூடிவிட்டுச் சொல்வது வேறொன்று என்பது அப்பள்ளிகளுக்குத் தெரிந்திருந்தது. எண்ணிம மின்னட்டை, அந்த ஒப்புவித்தலை நாள் கணக்கு வைத்துச் செய்கிறது.

## தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வுகள்

தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவம் முதலிய தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு 1984ஆம் ஆண்டில் தொடங்கியது. கிராமப்புற மாணவர்களுக்கு அது தடையாக இருப்பதாக எழுந்த கோரிக்கைகளைத் தொடர்ந்து, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 2007இல் கிடைத்தது. அது முதல் பொறியியல் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களின் அடிப்படையிலேயே நடைபெறுகிறது. மருத்துவச் சேர்க்கைக்கு மட்டும், 2017 முதல் நீட் தேர்வு தமிழ்நாட்டிலும் கட்டாயமாகியது.

இன்று தமிழ்நாட்டு மாணவர்கள் எதிர்கொள்ளும் முதன்மையான தேசிய நுழைவுத் தேர்வுகள் மூன்று:

- நீட்: மருத்துவம், பல் மருத்துவம் முதலிய இளநிலைப் படிப்புகளுக்கானது. 2025ஆம் ஆண்டு அமைப்பின்படி 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும்.
- ஜேஇஇ முதன்மைத் தேர்வு: தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள் முதலியவற்றில் பொறியியல் படிப்புகளுக்கானது. ஐஐடிகளில் சேர விரும்புவோர் இதில் தேறி, அடுத்த கட்டமான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வையும் எழுத வேண்டும்.
- க்யூட்: மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு. 2022இல் தொடங்கியது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் இதன் வழியாக மாணவர்களைச் சேர்க்கிறது.

நீட், ஜேஇஇ முதன்மைத் தேர்வு, க்யூட் ஆகிய மூன்றையும் தமிழிலும் எழுதலாம். ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெறுகிறது.

நீட் தேர்வின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு 2021இல் அமைத்த ஏ. கே. ராஜன் குழு, அத்தேர்வு ஏழை மாணவர்களுக்கும் கிராமப்புற மாணவர்களுக்கும் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பாதகமாக அமைந்துள்ளது என்றும், பயிற்சி மையக் கட்டணத்தைச் செலுத்தக்கூடியவர்களுக்குச் சாதகமாக உள்ளது என்றும் கூறியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறவும் நீட் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும். எனவே பயிற்சி மையத்துக்குச் செல்ல இயலாத மாணவர் தம் வீட்டிலிருந்தே எவ்வளவு தூரம் தயாராக முடியும் என்பது தமிழ்நாட்டில் முக்கியமான கேள்வி. இலவசமாகக் கிடைக்கும் மின்னட்டைச் செயலிகள் அக்கேள்விக்கு ஒரு பகுதி விடையைத் தருகின்றன.

## நினைவும் மறதியும்: ஆய்வுகள் சொல்வது

செருமானிய உளவியலாளர் எர்மன் எபிங்கௌசு, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்பதை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறந்ததை மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்து ஏறத்தாழ 58 விழுக்காடு மிச்சமாக இருந்தது, ஒரு நாள் கழித்து 34 விழுக்காடாகவும் ஒரு மாதம் கழித்து 21 விழுக்காடாகவும் குறைந்தது. மறதி முதல் நாளிலேயே வேகமாக நடந்து, பிறகு மெதுவாகிறது என்பதை இது காட்டியது.

எச். எல். ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, படிக்கும் முறையைப் பற்றியது. கல்லூரி மாணவர்களிடம் ஒரு உரைநடைப் பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு நிலையில் மாணவர்கள் அதை இரண்டு முறை படித்தனர். மற்றொரு நிலையில் ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்ததே சற்று மேலாக இருந்தது (81க்கு 75 விழுக்காடு). ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்த நிலையில் 56 விழுக்காடும், இருமுறை படித்த நிலையில் 42 விழுக்காடும் நினைவில் இருந்தன.

நேட் கார்னெல் 2009இல் மின்னட்டைகளைக் கொண்டே நடத்திய ஆய்வு இன்னொரு உண்மையைக் காட்டியது. இடைவெளி விட்டுப் படித்தபோது 90 விழுக்காட்டினருக்குக் கூடுதல் பயன் கிடைத்தது. ஆயினும் முதல் அமர்வு முடிந்ததும் கேட்டபோது, அவர்களில் 72 விழுக்காட்டினர் ஒரே மூச்சில் படித்ததுதான் பயன் தந்தது என்று நம்பினர். படிக்கும்போது எளிதாக இருப்பது நினைவில் நிற்பதற்கு அடையாளம் ஆகாது. அட்டையைத் திருப்புவதற்கு முன் விடை வராமல் திணறும் அந்த ஒரு நொடியில்தான் கற்றல் நடக்கிறது. அதனால் மின்னட்டைப் பயிற்சி முதல் சில வாரங்களில் சோர்வூட்டுவதாகத் தோன்றுவது இயல்பு.

## கருவிகளின் வரலாறு

செருமானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் வெளியிட்ட நூலில், அட்டைகளைப் பல அறைகள் கொண்ட பெட்டியில் அடுக்கும் முறையை விளக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறிய அட்டை முதல் அறைக்குத் திரும்பும். பின் அறைகளில் உள்ளவை அரிதாகவே எடுக்கப்படும்.

போலந்தில் மாணவராக இருந்த பியோத்தர் வோஸ்னியாக், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பதை 1985இல் தம் காகிதக் குறிப்புகளைக் கொண்டே ஆராய்ந்தார். அதன் விளைவாக 1987இல் சூப்பர்மெமோ என்ற கணினி நிரல் உருவானது. அவர் வகுத்த கணக்கீட்டு முறையே பின்னர் வந்த பல செயலிகளுக்கு அடிப்படை.

டேமியன் எல்ம்ஸ் என்ற நிரலர் 2006இல் வெளியிட்ட அன்கி, இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்களிடம் பரவலாக உள்ளது. அன்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். ஆண்ட்ரூ சதர்லேண்ட் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் 2005இல் தம் பிரெஞ்சு வகுப்புக்காகத் தொடங்கிய குவிஸ்லெட் மற்றொரு புகழ்பெற்ற கருவியாகும்.

## இடைவெளி எவ்வாறு அமைகிறது

வோஸ்னியாக்கின் பழைய கணக்கீட்டில், ஓர் அட்டை முதலில் 1 நாள் கழித்தும், அடுத்து 6 நாள் கழித்தும் வரும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். தவறாமல் விடை சொல்லப்படும் ஓர் அட்டையின் இடைவெளிகள் 1, 6, 15, 38, 95 நாள்கள் என அமையும். அதாவது டிசம்பர் 1 அன்று எழுதிய அட்டை, மே மாதம் முதல் வாரத்துக்குள் ஐந்து முறை மட்டுமே கண்முன் வரும். ஒருமுறைக்குப் பத்து நொடி என்று கொண்டால், ஒரு செய்தியை ஐந்து மாதம் காக்க ஆகும் செலவு ஒரு நிமிடம்கூட இல்லை. விடை தவறினால் அட்டை மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கும்.

2023இல் வெளியான அன்கியின் 23.10 பதிப்பிலிருந்து, எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கீட்டு முறையும் அதில் உள்ளது. இது ஒவ்வொரு மாணவரின் மறதி வேகத்தையும் அவருடைய பழைய பதிவுகளிலிருந்து கணித்து, அதற்கேற்ப இடைவெளியை அமைக்கிறது.

கணக்கீடு எதுவாயினும், அது மாணவர் தரும் பதிவை நம்பியே நடக்கிறது. அன்கியில் ஒவ்வொரு விடைக்கும் ‘மீண்டும்’, ‘கடினம்’, ‘நன்று’, ‘எளிது’ என்ற பொருளில் நான்கு பொத்தான்கள் உண்டு. விடையை மறந்துவிட்டு, மனம் கேளாமல் ‘கடினம்’ என்பதை அழுத்துவது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. மறந்ததற்கு உரிய பொத்தான் ‘மீண்டும்’ மட்டுமே. தவறாகப் பதிவு செய்தால், தெரியாத அட்டையைத் தெரிந்த அட்டையாகக் கருதிச் செயலி தள்ளிப்போட்டுவிடும்.

## நல்ல அட்டையை எழுதுதல்

மின்னட்டையின் பயன் பெரும்பாலும் அதை எழுதும் விதத்தைப் பொறுத்தது. பாடத்தைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே அட்டை எழுத வேண்டும். புரியாத பத்தியை அப்படியே அட்டையில் ஏற்றினால், அது மாதக்கணக்கில் தவறிக்கொண்டே இருக்கும்.

ஓர் அட்டையில் ஒரு செய்தி. ‘மனித இதயத்தின் அமைப்பை விளக்குக’ என்பது பள்ளித் தேர்வு வினாவாக இருக்கலாம், மின்னட்டையாகப் பயன்படாது. பாதி தெரிந்து பாதி மறந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற குழப்பம் வரும். அதையே இவ்வாறு பிரிக்கலாம்:

- வினா: இடது ஆரிக்கிளுக்கும் இடது வென்ட்ரிக்கிளுக்கும் இடையில் உள்ள வால்வு எது? விடை: ஈரிதழ் வால்வு.
- வினா: இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலது வென்ட்ரிக்கிளின் சுவரைவிடத் தடித்திருப்பது ஏன்? விடை: இரத்தத்தை உடல் முழுவதற்கும் உயர் அழுத்தத்தில் செலுத்த வேண்டியிருப்பதால்.

காரணத்தையும் கேட்டல். மேலே உள்ள இரண்டாவது அட்டை பெயரைக் கேட்கவில்லை, காரணத்தைக் கேட்கிறது. பெயர்களை மட்டும் கேட்கும் அட்டைக் கட்டு, வினாத்தாளில் சொற்கள் சற்று மாறினாலும் கைகொடுக்காது.

குழப்பும் இணைகளை எதிரெதிரே வைத்தல். அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறையில் வினையூக்கி இரும்பு. கந்தக அமிலம் தயாரிக்கும் தொடு முறையில் வனேடியம் பென்டாக்சைடு. இவை இரண்டையும் தனித்தனி அட்டைகளில் கேட்பதோடு, ‘இரண்டில் இரும்பு எதற்கு?’ என்ற மூன்றாவது அட்டையும் எழுதலாம். நுழைவுத் தேர்வில் தவறான விருப்பங்கள் இத்தகைய இணைகளிலிருந்தே அமைக்கப்படுகின்றன.

கோடிட்ட இடம். ‘குன்றல் பகுப்பில் குறுக்கேற்றம் நடைபெறும் நிலை ______’ என்று எழுதி, பாக்கிட்டீன் என்ற சொல்லை மறைக்கலாம். இவ்வகை அட்டையை விரைவாக எழுதலாம். ஆனால் பாடநூல் வரியை அப்படியே எடுத்தால், பொருளை விட்டுவிட்டு வரியின் ஓசையை மட்டும் நினைவில் கொள்ளும் ஆபத்து உண்டு. வரியைத் தம் சொற்களில் மாற்றி எழுதுவது நல்லது.

படத்தில் மறைத்தல். நெஃப்ரான், பூவின் நீள்வெட்டுத் தோற்றம், விழி போன்ற படங்களில் ஒரு பகுதியின் பெயரை மட்டும் மறைத்துக் கேட்கும் வசதி அன்கியில் உண்டு. பாடநூல் படத்தைத் திறன்பேசியால் எடுத்து இதைச் செய்யலாம்.

## தமிழ்வழி மாணவர்களும் இருமொழி அட்டைகளும்

நீட் தேர்வைத் தமிழில் எழுதுவோருக்கு வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வழங்கப்படுகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. இந்த விதியின் எடை 2018இல் வெளிப்பட்டது. அவ்வாண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழைகள் இருப்பதாகத் தொடரப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண்கள் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் பின்னர் அந்த ஆணையை ரத்து செய்தது.

தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. பாடத்தைத் தமிழில் புரிந்துகொள்ள வேண்டும். கலைச்சொல்லை இரண்டு மொழிகளிலும் அறிந்திருக்க வேண்டும். தமிழ் வினாவில் ஐயம் வந்தால் பக்கத்தில் உள்ள ஆங்கில வினாவைப் பார்த்துத் தெளிய அந்த அறிவு போதும். இதற்கு மின்னட்டை மிகப் பொருத்தமான கருவி. முன்பக்கத்தில் தமிழ்ச் சொல், பின்பக்கத்தில் ஆங்கிலச் சொல். செயலியில் ‘எதிர் அட்டை’ வகையைத் தேர்ந்தெடுத்தால் திசை மாற்றியும் கேட்கும். சில எடுத்துக்காட்டுகள்:

- நொதி – என்சைம்
- சவ்வூடு பரவல் – ஆஸ்மோசிஸ்
- நீராவிப்போக்கு – டிரான்ஸ்பிரேஷன்
- குன்றல் பகுப்பு – மியாசிஸ்
- உந்தம் – மொமென்டம்
- நிலைமம் – இனர்ஷியா
- திருப்பு விசை – டார்க்

ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே பதிய வேண்டும். வினாத்தாளில் கண்ணால் காணப்போவது அந்த வடிவத்தைத்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாட இறுதியில் தரப்படும் கலைச்சொற்கள் இதற்கு நல்ல தொடக்கம். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் சேர்த்தால், ஒரு கல்வியாண்டின் 200 நாள்களில் 1000 சொற்கள் சேரும்.

## எந்தப் பாடத்துக்கு எவ்வளவு

நீட் வினாக்களில் பாதி உயிரியலைச் சேர்ந்தவை. பெயர்கள், வகைப்பாடு, ஹார்மோன்கள், நோய்களும் அவற்றின் காரணிகளும் என நினைவுக்குரிய செய்திகள் அதில் மிகுதி. எனவே மின்னட்டை நேரத்தின் பெரும்பகுதியை உயிரியலுக்கு ஒதுக்கலாம். வேதியியலில் கனிம வேதியியலின் விதிவிலக்குகள், பெயர் பெற்ற கரிம வினைகள் ஆகியவை அட்டைக்கு ஏற்றவை.

இயற்பியலில் அட்டையின் இடம் சிறியது. வாய்பாட்டை ஒப்புவிப்பதைவிட, அது எப்போது பொருந்தும் என்று கேட்பது மேல். ‘நேர்க்கோட்டு இயக்கச் சமன்பாடுகள் எந்த நிபந்தனையில் மட்டும் பொருந்தும்?’ என்பதற்கு ‘முடுக்கம் மாறாமல் இருக்கும்போது’ என்பது விடை. இந்த ஓர் அட்டை பல தவறான கணக்குகளைத் தடுக்கும். ஆனால் கணக்கு போடும் திறன், தாளில் கணக்கு போடுவதால் மட்டுமே வரும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களைப் பற்றி 2015இல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சமநிலையை உணர்த்துகிறது. அங்கு 1700 தனித்தனி அன்கி அட்டைகளைப் படித்ததும், 445 மாதிரி வினாக்களுக்கு விடையளித்ததும், ஒவ்வொன்றும் உரிமத் தேர்வில் ஏறத்தாழ ஒரு மதிப்பெண் உயர்வுடன் தொடர்புற்றிருந்தன. அட்டையும் வினாப் பயிற்சியும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. இரண்டையும் இணைக்கும் எளிய வழி ஒன்று உண்டு. மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு வினாவுக்கும், தவறுக்குக் காரணமான ஒரு செய்தியை அன்றே அட்டையாக எழுதிவிட வேண்டும்.

## செயலிகள், செலவு, தட்டச்சு

அன்கியின் கணினிப் பதிப்பு இலவசம். ஆண்ட்ராய்டு திறன்பேசிகளுக்கு அன்கிட்ராய்டு என்ற பெயரில் தன்னார்வலர்கள் உருவாக்கிய இலவசச் செயலி உள்ளது. ஐபோன் பதிப்புக்கு மட்டும் கட்டணம் உண்டு. அன்கி என்ற பெயரையொட்டி வேறு நிறுவனங்களின் கட்டணச் செயலிகளும் செயலிக் கடைகளில் இருப்பதால், நிறுவும் முன் பெயரைச் சரிபார்க்க வேண்டும். நிறுவிய பிறகு நாள்தோறும் படிப்பதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை. அன்கிவெப் என்ற இலவசக் கணக்கில் வாரம் ஒருமுறையாவது நகல் சேமித்து வைத்தால், திறன்பேசி பழுதானாலும் அட்டைகள் தொலையாது.

தமிழில் அட்டை எழுதத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. ஒருங்குறித் தமிழை இச்செயலிகள் ஏற்கின்றன. செல்லினம், ஜிபோர்டு ஆகிய விசைப்பலகைகளில் தமிழ்99 முறையிலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ தட்டச்சு செய்யலாம். தட்டச்சு மெதுவாக இருப்பவர்கள் ஜிபோர்டில் தமிழில் பேசியே எழுதலாம். கலைச்சொற்களை மட்டும் சரிபார்த்துத் திருத்த வேண்டும்.

இணையத்தில் மற்றவர்கள் செய்து பகிர்ந்த ஆயத்த அட்டைக் கட்டுகள் ஏராளம். அவற்றில் பல ஆங்கிலத்தில் உள்ளவை, பிற பாடத்திட்டங்களுக்காக எழுதப்பட்டவை, பிழைகளும் இருக்கலாம். பாடநூலைத் திறந்து, எது முக்கியம் என்று முடிவு செய்து, தம் சொற்களில் வினா எழுதுவதே கற்றலின் ஒரு பகுதி. அந்த உழைப்பை ஆயத்தக் கட்டு தருவதில்லை.

## நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு நாள்

சென்னை மெரினாவின் தென்பகுதியில், சாந்தோமுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் அருகே வளைவுச் சாலையை ஒட்டி நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. காலையில் படகுகள் கரை சேர்ந்ததும் மீன் விற்பனை தொடங்கும் ஊர் இது. 2024இல் இங்கு நவீன மீன் அங்காடியும் திறக்கப்பட்டது. சிறிய அடுக்குமாடி வீடுகளில், குடும்பத்தார் பகிர்ந்துகொள்ளும் ஒரே திறன்பேசியை வைத்துத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவியை இங்கே கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்குத் தொடர்ச்சியாக மூன்று மணி நேர அமைதியும் கைப்பேசியும் கிடைப்பது அரிது. மின்னட்டைப் பயிற்சிக்கு அது தேவையும் இல்லை.

ஒரு நாளைக்குப் பத்துப் புதிய அட்டைகள் என்று அவர் வைத்துக்கொண்டால், 150 நாள்களில் 1500 அட்டைகள் சேரும். மீள்பார்வைக்கு நாளொன்றுக்கு 100 அட்டைகள் வந்தாலும், அட்டைக்குப் பத்து நொடி வீதம் 17 நிமிடங்களில் முடியும். காலையில் வீட்டார் வேலைக்குப் புறப்படும் முன் ஒரு பத்து நிமிடம், மாலையில் அவர்கள் திரும்பிய பின் ஒரு பத்து நிமிடம் கைப்பேசி கிடைத்தால் போதும். மற்ற நேரத்தில் பாடநூலும் கணக்குத் தாளும்.

விடுமுறை நாள்களில் அமைதியான இடம் தேவைப்பட்டால், கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் உள்ளது. கலங்கரை விளக்கம் நிலையத்தில் பறக்கும் ரயிலில் ஏறினால், முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை ஆகியவற்றைக் கடந்து ஐந்தாவது நிறுத்தம் கோட்டூர்புரம். அன்றைய மீள்பார்வையைப் போகும்போதும் வரும்போதும் ரயிலிலேயே முடித்துவிடலாம். நூலகத்தின் நேரத்தை இயற்பியல் கணக்குகளுக்கும் புதிய பாடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

## கைப்பேசி இல்லாதபோது

திறன்பேசி கிடைக்காத மாணவருக்கு லைட்னரின் காகிதப் பெட்டி இன்றும் பயன்படும். பழைய திருமண அழைப்பிதழ்களின் எழுதாத பக்கத்தை வெட்டினால் நல்ல தடிமனான அட்டைகள் கிடைக்கும். ஓர் இனிப்புப் பெட்டியை ஐந்து தடுப்புகளாகப் பிரித்து, பின்வருமாறு எடுக்கலாம்:

- முதல் தடுப்பு: நாள்தோறும்
- இரண்டாம் தடுப்பு: இரண்டு நாளுக்கு ஒருமுறை
- மூன்றாம் தடுப்பு: வாரம் ஒருமுறை
- நான்காம் தடுப்பு: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
- ஐந்தாம் தடுப்பு: மாதம் ஒருமுறை

சரியாகச் சொன்ன அட்டை ஒரு தடுப்பு முன்னேறும். தவறியது முதல் தடுப்புக்கு வரும். செயலியைப் போல நுணுக்கமான கணக்கு இதில் இல்லை. ஆனால் விடையைப் பார்க்கும் முன் சொல்லிப் பார்ப்பது, இடைவெளி விட்டுத் திரும்புவது ஆகிய இரண்டு அடிப்படைகளும் இதில் முழுமையாக உள்ளன.

## சிக்கல்களும் வரம்புகளும்

நிலுவை. ஒரு வாரம் விட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான அட்டைகள் சேர்ந்துவிடும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அப்போது புதிய அட்டைகளை நிறுத்திவிட்டு, நிலுவையை நாளுக்கு இத்தனை என்று பிரித்து முடிப்பது வழி. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை.

அளவுக்கு மீறிய ஆர்வம். அன்கியின் இயல்பு அமைப்பு நாளுக்கு 20 புதிய அட்டைகள். முதல் நாள் ஆர்வத்தில் அதை 100 ஆக்கினால், அடுத்த வாரத்தில் மீள்பார்வை பல மடங்காகிப் பள்ளிப் பாடத்தையே விழுங்கிவிடும்.

தோற்ற மயக்கம். சில நாள்களில் அட்டையின் வடிவத்தைப் பார்த்தே விடை வந்துவிடும். அதே செய்தியை வேறு வினாவாக எதிர்கொள்ளும் மாதிரித் தேர்வுகள் இதற்கு மருந்து.

கவனச் சிதறல். படிக்க எடுத்த கைப்பேசி வேறு பக்கம் இழுத்துச் செல்லும். மீள்பார்வையின்போது இணைய இணைப்பை அணைத்து வைப்பது எளிய தீர்வு. செயலி இணையமின்றியே இயங்கும்.

சமமின்மை. செயலி இலவசம் என்பதால் தேர்வு அனைவருக்கும் சமமாகிவிடாது. ஐயம் கேட்க ஆசிரியர், மாதிரித் தேர்வுகள், வீட்டில் இடம், நேரம் ஆகியவற்றை எந்தச் செயலியும் ஈடுசெய்வதில்லை.

## தேர்வு நெருங்கும்போது

மார்ச் மாதம் பொதுத் தேர்வு நடைபெறுவதால், அந்த வாரங்களில் புதிய அட்டைகளை நிறுத்தி, மீள்பார்வையை மட்டும் தொடர்வது நல்லது. நுழைவுத் தேர்வுக்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்களிலும் நேரத்தின் பெரும்பகுதி முழு நேர மாதிரித் தேர்வுகளுக்கும் அவற்றின் தவறுகளுக்கும் போக வேண்டும். மூன்று மணி நேரம் அமர்ந்து ஓஎம்ஆர் விடைத்தாளில் வட்டங்களை நிரப்பும் பழக்கம் அட்டையால் வராது. தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் தேர்வில், தெரிந்ததற்கும் தெரிந்ததுபோல் தோன்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதே பெரிய பலம். பல மாதங்கள் ‘மீண்டும்’ பொத்தானை நேர்மையாக அழுத்திப் பழகியவருக்கு அந்த உணர்வு இயல்பாக வந்திருக்கும்.

தேர்வு பற்றிய அச்சம் உறக்கத்தையும் உணவையும் பாதிக்கும் அளவுக்குப் போனால், வீட்டாரிடமும் ஆசிரியரிடமும் பேச வேண்டும். 104, 14416 ஆகிய எண்களில் இலவச மனநல ஆலோசனை பெறலாம். நீட் தேர்வை மீண்டும் எழுதலாம். மருத்துவம் அல்லாத பல உயர்கல்வி வழிகளும் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே திறந்திருக்கின்றன.